மாத்திப் பேசினவன்

உட்காரு தம்பி. நாற்காலியில கெடக்கிற துணிய அப்பிடி ஓரமா தள்ளிட்டு உட்காரு. நேத்தே போன் பண்ணிச் சொன்னாங்க, தணிகாசலத்துக்கு நினைவு மலர் போடறோம், ஒரு தம்பி வருவாரு, தெரிஞ்சத சொல்லுங்கன்னு. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். நீ அத போடமாட்ட. போடாட்டியும் பரவால்ல, முழுசா கேட்டுட்டுப் போ. செத்ததுல இருந்து எல்லாரும் அந்தாளப் பத்தி நல்லதாவே சொல்லிக்கினு இருக்கறாங்க. செத்துட்டா போதும், எல்லாருக்கும் சுண்ணாம்பு அடிச்சு வெள்ளையாக்கிடறாங்க.

குடிக்கத் தண்ணி வேணுமா? கேன் தண்ணி தான். எங்க கிணத்துத் தண்ணிய இப்ப குடிக்க முடியாது, அத அப்புறம் சொல்றேன்.

மொதல்ல இத எழுதிக்கோ. நான் முப்பது வருஷமா அந்தாள வெரட்டினவ. பேரு நவநீதம். மிலிட்டரியில நாயக்கா இருந்த ஏகாம்பரத்தோட சம்சாரம். விதவைன்னு போடாத, சம்சாரம்னு போடு.

எங்க ஊருல வூட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரி. பொண்ணு பாக்க வந்தா, லீவு எப்ப முடியுதுன்னு தான் மொதல்ல கேப்பாங்க. எனக்கும் அப்பிடித்தான், கல்யாணமாகி மஞ்ச ஈரம் காயறதுக்குள்ள ரயில் ஏறிட்டாரு. வருஷத்துக்கு ஒரு தரம் வருவாரு. வந்தா ஓட்டுல ஏறி ஓடு மாத்துவாரு, வேலி கட்டுவாரு, ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டாரு. பேச்சு கம்மி. எண்பத்தேழுல லீவுல வந்திருந்தப்ப தான் இலங்கைக்கு ராணுவம் போவுதுன்னு ரேடியோவுல சொன்னாங்க. அவரு பட்டாளமும் போவுதுன்னு தந்தி வந்துச்சு. லீவ பாதியில முடிச்சுக்கினு கெளம்பணும்.

அப்ப தணிகாசலம் தான் எங்களுக்கு எம்.எல்.ஏ. பிள்ளையார் கோயில் மைதானத்துல மேடை போட்டான். ஊருல இருந்து போற அஞ்சாறு பேரயும் மேடையில ஏத்தி ஆளுக்கொரு சால்வை போத்தினான். என் வூட்டுக்காரருக்குப் போத்தினது பச்சைக் கரை வெச்சது. இவங்க சண்டைக்குப் போவல, நம்ம ஜனத்துக்குக் காவலுக்குப் போறாங்கன்னு பேசினான். அங்க நம்ம ஜனம் அழுதுக்கினு இருக்குது, கண்ணத் தொடைக்கிற கை நம்ம ஊருக் கையா இருக்கட்டும்னு பேசினான். நல்லாப் பேசுவான், அத இல்லன்னு சொல்லமாட்டேன். கூட்டமே அழுதுச்சு. நான் இடுப்புல கொழந்தைய வெச்சுக்கினு பொம்பளைங்க பக்கம் நின்னேன். தேசிங்குக்கு அப்ப மூணு வயசு. எல்லாரும் என்னத் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. பெருமையா இருந்துச்சு தம்பி. பொய் சொல்லமாட்டேன், பெருமையாத் தான் இருந்துச்சு.

தீவாளி வரல, அதுக்குள்ள செய்தி வந்துடுச்சு. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துல ரோட்டுல கண்ணி வெடியாம். ஆளு வரல. அங்கயே எரிச்சுட்டாங்களாம், சாம்பல் வந்துச்சு. கூடவே அவரு தகரப் பொட்டி வந்துச்சு. தொறந்தா மேலாக அந்தப் பச்சைக் கரை சால்வை.

தணிகாசலம் அன்னிக்கே வந்தான். வாசல்ல தரையில உட்கார்ந்தான். தேசிங்க மடியில வெச்சுக்கினான், அது தூங்கற வரைக்கும் எறக்கி வுடல. போறப்ப எங்கிட்ட சொன்னான், உங்க வூட்டுக்காரர் வீணாப் போவலம்மா, நம்ம ஜனத்துக்காகப் போனாருன்னு. தம்பி, அந்த ஒரு வார்த்தைய புடிச்சுக்கினு தான் நான் எழுந்து நின்னேன். மத்தவங்க சொன்னது எதுவும் காதுல ஏறல. விடியக்காலைல எழுந்து சாணி தெளிக்கறப்ப அத சொல்லிக்குவேன். வீணாப் போவல. மாட்டுக்குத் தீனி வெக்கறப்ப சொல்லிக்குவேன். வீணாப் போவல. அப்பிடியே ரெண்டு வருஷம் ஓட்டினேன். பஸ் நிறுத்தத்துல அவரு பேருல ஒரு நினைவுக் கல்லு வெக்கறேன்னு சொல்லி அஸ்திவாரமும் போட்டுட்டான்.

அப்புறம் தான் அந்தப் பேச்சு.

ராணுவம் திரும்பி வரப் போவுதுன்னு சொல்லிக்கினு இருந்த சமயம். குடியாத்தம் சந்தைக்கு நான் வெல்லம் வாங்கப் போனேன். சந்தைக்கு வெளிய மேடை. ஒலிபெருக்கியில தணிகாசலம் கொரலு. எனக்குத் தெரிஞ்ச கொரலாச்சேன்னு நின்னேன். மண்டபம் அகதி முகாமுக்குப் போயிருந்தானாம். படகுல தப்பிச்சு வந்த ஜனத்தப் பாத்தானாம். புள்ளையப் பறிகொடுத்த பொம்பளை ஒருத்தி இவன் துண்டப் புடிச்சுக்கினு, ஐயா நீங்க தான அனுப்பினீங்கன்னு கேட்டாளாம். அதுக்கு மேல தூக்கம் வரலியாம். ராணுவத்த அனுப்பினது தப்பு, அத ஆதரிச்சு இதே வாயால நான் பேசினது தப்பு, நம்ம ஜனத்து மேலயே நம்ம துப்பாக்கி திரும்பிடுச்சு, என்ன மன்னிச்சிடுங்கன்னு சொல்றான். சொல்றப்ப கொரலு ஒடஞ்சு போச்சு. தண்ணி குடிச்சுட்டு மறுபடியும் சொல்றான்.

எவளோ ஒருத்தி துண்டப் புடிச்சு அழுதா மனசு மாறுமாம். நான் அழுதப்ப எங்க போச்சு தம்பி அந்த மனசு?

கூட்டத்துல எங்க ஊரு ஆளுங்க இருந்தாங்க. ஒருத்தர் திரும்பி என்னப் பாத்தாரு. இன்னொருத்தர் பாத்தாரு. அன்னிக்கு மைதானத்துல பாத்தாங்களே, அதே ஆளுங்க தான். பார்வை தான் வேற. நான் வெல்லத்த அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் கொழாயாண்ட என்னப் பாத்தா பேச்சு நின்னுடும். பள்ளிக்கூடத்துல தேசிங்க ஒரு பையன், உங்கப்பன் அங்க போயி நம்ம ஆளுங்களயே சுட்டான்டான்னு சொல்லியிருக்கறான். புள்ள மூக்குல ரத்தத்தோட வருது. ராத்திரி படுத்துக்கினு கேட்டுச்சு, எம்மா, அப்பா யாரச் சுட்டாருன்னு. ஒரு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் என் புருஷன் சாமி. இப்ப கொலகாரன். நடுவுல அவரு எதுவும் பண்ணல, செத்துத் தான் இருந்தாரு. மேடையில ஒருத்தன் மாத்திப் பேசினான், அவ்வளவு தான்.

அந்த அஸ்திவாரக் கல்லு மேல எவனோ தாரு பூசிட்டான். அது தணிகாசலம் ஆளுங்க இல்லன்னு சொல்றாங்க. மறுநாளு அந்தாளே வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சானாம், கையெல்லாம் புண்ணாப் போச்சாம். பாத்தவங்க சொன்னாங்க. நடிப்பு. அரசியல்வாதிக்கு நடிக்கச் சொல்லித் தரணுமா?

எல்லாம் ஓட்டுக்கு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துத் திரும்பிட்டான். நீ சிரிக்கற. தெரியும், இன்னா கேக்கப் போறன்னு. அந்தப் பேச்சுக்கப்புறம் அவனுக்குக் கட்சியில சீட்டு குடுக்கல, வெளிய அனுப்பிட்டாங்க, அதுவும் நெசம் தான். அது அவன் கணக்கு தப்பாப் போனது. அதுக்கு நான் இன்னா பண்றது?

அவனே வூட்டுக்கு வந்தான். அத தான் நீ எழுதணும். கட்சிக்காரங்க யாரும் இல்ல, தனியா சைக்கிள்ல வந்தான். நான் உள்ள கூப்பிடல. வேலியாண்டயே நின்னான்.

"நான் சொன்னத நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதும்மா. அனுப்பினது தான் தப்புன்னேன். போனவங்கள சொல்லல. பாவம் அனுப்பினவங்களுது. என்னுது."

நான் கேட்டேன், "அப்ப என் வூட்டுக்காரர் எதுக்குச் செத்தாரு?"

வேலியில ஒரு முள்ளப் புடிச்சு ஒடச்சுக்கினே இருந்தான்.

"அன்னிக்கு என் வாசல்ல உட்கார்ந்து சொன்னியே, வீணாப் போவலன்னு. அது பொய்யா?"

"அன்னிக்கு அத நம்பித் தாம்மா சொன்னேன்."

"இன்னிக்குச் சொல்லு."

கையில இருந்த முள்ளக் கீழ போட்டான். "வீணாத் தாம்மா போனாரு. உங்ககிட்ட இன்னொரு தரம் பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

தம்பி, ஒருத்தன் வூட்டுக்கே வந்து உன் புருஷன் வீணாச் செத்தான்னு சொன்னா நீ இன்னா பண்ணுவ? நான் அவன அடிக்கல. ஏசல. போன்னு கூட சொல்லல. உள்ள போயி, மாட்டி வெச்சிருந்த அவரு போட்டோவ கழட்டினேன். யூனிபார்ம்ல எடுத்தது, பெருசு, கண்ணாடி போட்டது. கொண்டாந்து அவன் மூஞ்சிக்கு நேரா புடிச்சேன். அவன் பாத்தான். அப்பிடியே பின்னால நகந்து சைக்கிள எடுத்தான். ஏறக்கூட முடியல, தள்ளிக்கினே போனான். அப்ப தான் எனக்குப் புரிஞ்சுச்சு, இவன எதால அடிக்கணும்னு.

அடுத்த எலெக்‌ஷன்ல தனியா நின்னான். எந்த ஊருல கூட்டம் போட்டாலும் நான் போனேன். போட்டோவ துண்டுல சுத்தி எடுத்துக்கினு போவேன். மொதல் வரிசையில உட்காருவேன். அவன் மைக்கப் புடிச்சதும் துண்டப் பிரிச்சு மடியில நிக்க வெச்சுக்குவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். சத்தம் போட்டா பைத்தியம்னு தூக்கி வெளிய போட்டுடுவாங்க. சும்மா உட்கார்ந்திருக்கறவள இன்னா பண்ண முடியும்? அவன் தண்ணி வரி, பீடிக்காரங்க கூலின்னு நல்லாத் தான் ஆரம்பிப்பான். நடுவுல கண்ணு என் மேல வுழும். பேச்சு அறுந்து போயிடும். மறுபடியும் ஆரம்பிப்பான். மறுபடியும் அறுந்துடும். ஜனம் அவனப் பாக்காது, என்னப் பாக்கும். கூட்டம் முடிஞ்சு போறவங்க அவன் சொன்னதப் பத்திப் பேசமாட்டாங்க, யாரு அந்தப் பொம்பளைன்னு தான் பேசுவாங்க. டெபாசிட் போச்சு. அதுக்கடுத்த தரமும் போச்சு. அதுக்கப்புறம் எலெக்‌ஷன்ல நிக்கறத வுட்டுட்டான்.

பேசறத வுடல. எல்லையில எங்கயாவது சண்டைப் பேச்சு வந்தாப் போதும், ஒரு கூட்டம் போட்டுடுவான். சண்டை வேணாம், ஒரு தரம் நான் வேணும்னு சொல்லி இன்னா ஆச்சுன்னு பாருங்கன்னு ஆரம்பிப்பான். வர்ற ஜனம் கொறஞ்சுக்கினே போச்சு. நான் கொறையல. பஸ்ஸு மாறி மாறிப் போயிருக்கறேன். ஜொரத்தோட போயிருக்கறேன். ஒரு தரம் ஆம்பூர்ல மழ, மொத்தமே ஏழெட்டுப் பேரு, அதுல நானும் ஒருத்தி.

கஜபதி அப்பிடியில்ல. அவர உனக்குத் தெரியும், தோல் பதனிடற ஷாப்பு வெச்சிருக்கறாரே. தணிகாசலத்துக்கு இல்லன்னு ஆன சீட்டு அவருக்குத் தான் கெடச்சுது. அவரு சொன்னாரு, ராணுவம் போனது போனது தான், எங்க புள்ளைங்க செத்தது பெருமைக்குத் தான், எவன் மாத்திப் பேசினாலும் நான் மாத்தமாட்டேன்னு. நின்ன எடத்துல நின்னாரு. பஸ் நிறுத்தத்துல கல்லையும் அவரு தான் முடிச்சு வெச்சாரு. நீ வர்றப்ப பாத்திருப்ப. மேல பெருசா இருக்கறது அவரு பேரு. கீழ என் வூட்டுக்காரர் பேரு, ஏகாம்பறம்னு பெரிய ற போட்டிருக்கும். அது கல்லு செதுக்கினவன் பண்ண தப்பு, அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு. மாத்தச் சொல்லிக் கேட்டேன். பாக்கலாம்மான்னாரு. வேலை ஜாஸ்தி அவருக்கு. என் வூட்டுக்கு வந்ததில்ல, அவ்வளவு பெரிய மனுஷன் இங்க எங்க வருவாரு. அவரு ஷாப்பு தண்ணி ஓடையில வுட்டு எங்க கிணறு கெட்டுப் போச்சு, அத மட்டும் தான் அவரு மேல கொறையா சொல்லலாம். வருஷா வருஷம் மேடையில ஏத்தி எனக்கு வீரத்தாய்னு சால்வை போத்துவாரு. நான் தாயா, சம்சாரமான்னு ஒரு தரம் கேட்டேன். தாய்னா தாம்மா ஜனத்துக்குப் புடிக்கும்னாரு.

தாய்னு சொல்லிச் சொல்லித் தான் வந்துச்சு அதுவும்.

தேசிங்கு ப்ளஸ் டூ முடிச்ச வருஷம். எல்லையில மறுபடியும் பட்டாளம் குவிஞ்சு இருந்துச்சு, இன்னிக்கு வெடிக்குமா நாளைக்கு வெடிக்குமான்னு டி.வி.யில அதே பேச்சு. கஜபதி பெரிய கூட்டம் போட்டாரு. அவரு ரெண்டு பசங்களும் அப்ப வெளிநாட்டுல படிச்சுக்கினு இருந்தாங்க. என்ன மேடையில நிக்க வெச்சு, இந்தத் தாய் புருஷனக் குடுத்தா, இப்ப ஒரே மகனயும் தர்றான்னு சொல்லிட்டாரு. முன்னாடி எங்கிட்ட கேக்கல. சொன்னதும் கூட்டம் கைதட்டுச்சு. நானும் ஆமான்னு தலையாட்டினேன். ஏன் ஆட்டக் கூடாது? எங்க ஊருல பசங்க மிலிட்டரிக்குப் போறது வழக்கம் தான. அவரு வீணாப் போவலன்னா, புள்ளையும் போவலாம் தான. அப்பிடித் தான் அன்னிக்குத் தோணுச்சு.

புள்ள கூட்டத்துல தான் நின்னுக்கினு இருந்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வேலூர்ல ஆள் எடுக்கற அன்னிக்குக் காலைல இட்லி சுட்டு வெச்சுட்டு எழுப்பப் போறேன், பாயி சுருட்டி வெச்சிருக்குது, ஆளக் காணோம். ரெண்டு நாளு தேடினேன். கடைசியில ஒருத்தர் சொன்னாரு, உன் புள்ள தணிகாசலம் வூட்டுல இருக்கறான்னு.

போனேன். வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்தினேன். தெருவே கூடிடுச்சு. என் புருஷன மேடை போட்டு அனுப்பினவனே, என் புள்ளைய ஒளிச்சு வெக்கறியான்னு கேட்டேன். அந்தாளு வெளிய வந்தான். தலையில என் மண்ணு. தட்டி வுடக் கூட இல்ல. புள்ள சாப்புடறான், முடிச்சுட்டு வருவான், உங்ககூட வர்றதுன்னாலும் சரி, இங்க இருக்கறதுன்னாலும் சரி, அவன் இஷ்டம்னான்.

தேசிங்கு கை கழுவிட்டு வந்தான். பதினேழு வயசுப் புள்ள, அவங்கப்பா மாதிரியே ஒசரம்.

"அப்பாவத் தான் குடுத்துட்டியேம்மா. என்னையும் ஏன் குடுக்கற?"

அறைஞ்சேன். எல்லாரும் பாக்க அறைஞ்சேன். அவன் கன்னத்தத் தொடக் கூட இல்ல. உள்ள போயிட்டான்.

அதோட போச்சு. தணிகாசலம் தான் பாலிடெக்னிக்ல சேத்து வுட்டான். படிச்சான், ஓசூர்ல வேல கெடச்சுது, கல்யாணமும் ஆச்சு. பத்திரிகை வந்துச்சு, நான் போவல. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவான், நான் எடுத்துக் காதுல வெச்சுக்குவேன், பேசமாட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசிட்டு வெச்சுடுவான். புருஷன ஒரு வாயால எடுத்துக்கினான், புள்ளைய ஒரு வேள சோத்துல எடுத்துக்கினான். இப்ப சொல்லு, நான் அந்தாள வுட்டுடணுமா?

இந்த வருஷம் தை மாசம் செத்தான். மாரடைப்பு. சேதி வந்ததும் குளிச்சு, நல்ல பொடவ கட்டிக்கினு, போட்டோவ எடுத்துக்கினு கெளம்பினேன். கடைசி வரிசைன்னாலும் உட்காரணும், அந்தாளு கண்ணு மூடிக் கெடக்கறத என் வூட்டுக்காரரும் பாக்கணும்னு. அங்க போனா எல்லாரும் வழி வுட்டாங்க. ஒரு பொம்பளை நாற்காலி கொண்டாந்து தலைமாட்டாண்டயே போட்டுச்சு. அந்தாளுக்கு ரெண்டும் பொண்ணுங்க. கொள்ளிச் சட்டி எடுக்க என் புள்ள நிக்கறான். தலை மொட்டை. மீசையும் எடுத்துட்டான். பெத்த அப்பனுக்கு அவன் அத செய்யல தம்பி. அப்ப மூணு வயசு, என் தம்பி தான் கையப் புடிச்சுச் செஞ்சான். இப்ப முழு ஆளா நின்னு இவனுக்குச் செய்யறான். நான் பாத்துக்கினே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமா இருக்கும்னு போனேன். ஒண்ணும் தெரியல.

அது முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். கஜபதி கூட்டம். புதுசாக் கூட்டணி சேந்திருக்கறாரு இல்ல, அந்தக் கூட்டணிக்காரங்க பெரிய பெரிய ஆளுங்க மேடையில இருந்தாங்க. எனக்கு ஓரமா நாற்காலி. சால்வையும் போத்தினாரு. அப்புறம் மைக்கப் புடிச்சாரு. இலங்கையில நம்ம இனத்து மேல ராணுவத்த ஏவினாங்களே, அந்தத் துரோகத்த நான் அன்னிலேர்ந்தே எதுத்தவன்னு சொல்றான்.

ஆமா. கஜபதி தான். காதுல சரியா வுழலியோன்னு நானும் நெனச்சேன். மறுபடியும் சொன்னான், அன்னிலேர்ந்தே எதுத்தவன்னு. கொரலு ஒடயல. தண்ணி குடிக்கல. பக்கத்துல இருந்த பெரிய ஆளு சிரிச்சுக்கினே தலையாட்டறாரு.

நான் எழுந்தேன். அந்தச் சால்வைய எடுத்து மேடையில போட்டுட்டு மைக்காண்ட போனேன். "நின்ன எடத்துல நின்னியே, இப்ப எங்க நிக்கற?" அவ்வளவு தான் கேட்டேன். மைக்குல வுழுந்துடுச்சு. அவன் என்னப் பாக்கல. பின்னால திரும்பி, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, கீழ இட்டுக்கினு போங்கன்னான். ரெண்டு பேரு வந்து கையப் புடிச்சாங்க. படிக்கட்டுல இழுத்தாங்க. இதோ பாரு முழங்கை, இன்னும் கன்னிப் போயி இருக்குது. வுழுந்தேன். கீழ இருந்தவங்க வீடியோ எடுத்தாங்க, தூக்க வரல.

முப்பது வருஷம் தணிகாசலம் கூட்டத்துக்குப் போயிருக்கறேன். ஒருத்தன் என் மேல கை வெச்சதில்ல. எழுந்திருன்னு சொன்னதில்ல. ஒரு எளவட்டம் ஒரு தரம் நாற்காலிய நகத்தப் பாத்தான். அவரு பேச்ச நிறுத்திட்டு, அவங்க எடம் அதுன்னு சொன்னாரு.

அந்த வீடியோவப் பாத்துட்டுத் தான் தேசிங்கு வந்தான். அதோ, பின்னால பாத்திரம் உருள்ற சத்தம் கேக்குதே, அவன் தான். கஞ்சி வெக்கத் தெரியல, அடிப் புடிக்குது. தலையில முள்ளு முள்ளா முடி வந்திருக்குது. வந்த அன்னிக்கு என் கையில எண்ணெய் தேச்சு வுட்டான். நான் கைய இழுத்துக்கல. நேத்து தான் கேட்டேன், உங்க தலைவரு என்னப் பத்தி இன்னாடா சொல்லுவாருன்னு. திட்டியிருப்பாருன்னு நெனச்சேன். முப்பது வருஷம், திட்டாம இருப்பாரா?

அவன் சொல்றான், கூட்டத்துக்கு ஜனம் வந்து உட்கார்ந்துட்டாலும் அவரு மேடை ஏறமாட்டாராம். பஸ் வர்ற பக்கமே பாத்துக்கினு நிப்பாராம். நேரமாவுதுய்யான்னு யாராவது சொன்னா, அந்தம்மா வந்துடட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்னு சொல்லுவாராம்.

திமிரப் பாத்தியா தம்பி. நான் வருவேன்னு அவ்வளவு உறுதி.

நோட்ட மூடி வெச்சுட்டியா? தொற. இத எழுதிக்கோ. நவநீதம் மன்னிக்கலன்னு எழுது. அந்த வீணுங்கிற வார்த்தைக்கு எந்த ஜென்மத்துலயும் மன்னிப்பு இல்லன்னு எழுது. அந்தாளு உசுரோட இருந்திருந்தா வர்ற ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கும் போயிருப்பேன், மொதல் வரிசையில தான் உட்கார்ந்திருப்பேன், ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். அதயும் எழுது.

எண்பத்தொண்ணுல்லாம் ஒரு வயசா? இன்னும் கொஞ்ச நாளு இருந்திருக்கலாம் அவரு.